தவிர்க்க முடியாத குடும்பச் சூழல்

உடையார்பாளையத்துச் சிங்காரவேலு பொய் சொல்கிற ஆள் கிடையாது. ஆனால் மச்சான் அங்கமுத்து பக்கத்தில் இருந்தால் அவர் வாயிலிருந்து உண்மை வராது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். ஒரு தடவை பைக்கிலிருந்து விழுந்து முட்டி வீங்கிக் கட்டிலில் கிடந்தவர், மச்சானுடைய கார் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார். "அடி பட்டுச்சாமே மாப்ள?" என்று மச்சான் கேட்டதற்கு, "யார் சொன்னா? சும்மா சிராய்ப்பு" என்று சிரித்தார். மச்சான் கிளம்பிய பிறகு அவரைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அங்கமுத்து கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் சிங்காரவேலு எப்போதோ சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். ஜெயங்கொண்டத்தில் பெரிய ஹார்டுவேர் கடை. தங்கை ஜெயசுதா மேல் உயிர். தங்கை புருஷன் மேல் ஓயாத இரக்கம். அந்த இரக்கத்தைத்தான் சிங்காரவேலுவால் தாங்க முடியவில்லை. அவர் முந்திரி வியாபாரி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் காத்தாயியும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்து கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். ஒரு வருஷம் வியாபாரம் நன்றாக இருக்கும், ஒரு வருஷம் படுத்துவிடும். படுத்த வருஷங்களை மட்டும் மச்சான் ஞாபகம் வைத்திருப்பார்.

"வியாபாரமெல்லாம் உங்களுக்கு ஒத்து வராது மாப்ள. பேசாம நம்ம கடைல வந்து கல்லாவுல உக்காருங்க. தலைக்கு மேல ஃபேன் இருக்கு" என்பார்.

இந்த ஃபேனைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிங்காரவேலுவுக்கு ஃபேன் என்றாலே வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆகவே அவர் மெஷின் வாங்கினார். முந்திரிக்கொட்டையைத் தானாகவே உடைக்கிற மெஷின். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. நம் ஊரில் ஒருவர் மெஷின் வாங்கினால் என்ன செய்வார்? முதலில் ஓட்டிப் பார்ப்பார் என்று நினைத்தால் நீங்கள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. முதலில் பிளெக்ஸ் அடிப்பார். சிங்காரவேலுவும் அடித்தார். கூலிங் கிளாஸ் போட்ட அவர் படம், கீழே 'தொழிலதிபர்' என்ற பட்டம், மேலே எல்லோரையும்விடப் பெரிய அளவில் மச்சான் அங்கமுத்துவின் படம், நடுவில் கொட்டை எழுத்தில் 'ஒரு பருப்பும் உடையாது!' என்ற உத்தரவாதம். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, தெருமுனையில் ஒன்று, கொட்டகை வாசலில் ஒன்று. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள்.

ஒரு பருப்பும் முழுசாக வரவில்லை. ரவை ரவையாக விழுந்தது. கம்பெனி ஆள் எதையோ திருகினான், எதையோ தட்டினான். பிறகு, "புது மெஷின்ல அப்படித்தாங்க இருக்கும். போகப் போக சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

சிங்காரவேலு பிளெக்ஸைப் பார்த்தார். அதில் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். உடனே காத்தாயியைக் கூப்பிட்டார்.

"காத்தாயி, நாளைக்கு நீ பிளெக்ஸுக்குப் பின்னாடி உக்காந்துக்கணும்."

"நான் எதுக்கு மொதலாளி அங்க?"

"மெஷின் ஓடும். ஆனா தட்டு ஒன் கையிலேர்ந்துதான் வரணும்."

அன்று சாயங்காலத்துக்குள் பெண்கள் கையால் உடைத்த பருப்பு ஒரு கூடை தயாராகிவிட்டது. மறுநாள் விழாவில் வீடியோக்காரர் படம் எடுக்க, மெஷின் பேய்ச் சத்தம் போட்டு ஓடியது. அதன் வாய் இருக்கும் பக்கத்தைப் பிளெக்ஸ் முழுக்க மறைத்திருந்தது. உள்ளேயிருந்து காத்தாயி தட்டுத் தட்டாக முழுப் பருப்பை நீட்ட நீட்ட, சிங்காரவேலு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். மச்சான் ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். பிறகு சிங்காரவேலுவின் தோளைப் பிடித்து, "சாதிச்சுட்டீங்க மாப்ள" என்றார்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மச்சான் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்திரிக்கொட்டைப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர் ஒன்று தெரிந்துகொண்டார்: இந்த உண்மையை இனி உயிர் போனாலும் சொல்ல முடியாது.

அதன் பிறகு ஒரு மாதம் அவர் பட்ட பாட்டை ஜெயசுதாவைக் கேட்டால் சொல்வாள். பெண்கள் பின்கட்டில் ரகசியமாகக் கையால் உடைப்பார்கள். மச்சானுடைய கார் சத்தம் கேட்டதும் மெஷினை வெறுமனே ஓட்டிவிடுவார்கள். "ஏங்க, இதுக்கு நீங்க எங்க அண்ணங்கிட்ட நேராவே சொல்லிரலாமே" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "ஒனக்கென்ன, ஒன் அண்ணன். எனக்கு மச்சானாச்சே" என்றார் சிங்காரவேலு. கடைசியில் மின்சார பில் தாங்காமல், "திடீர்னு கோளாறு மச்சான்" என்று ஒருவாறு அறிவித்தார்.

கம்பெனிக்காரன் கையை விரித்தான். சமரசம் பேச அவனை அழைத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய படம் போட்ட பிளெக்ஸ் அல்லவா! "விடக்கூடாது மாப்ள, கேஸ் போடுவோம். ஆனா ஒண்ணு, இதுலயும் தோத்தீங்கன்னா வியாபாரத்த மூட்ட கட்டிட்டு நம்ம கடைக்கு வந்துரணும்" என்றார். ஜெயசுதா, அவள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இத்தனை பேர் நிற்கையில் சிங்காரவேலு மார்பைத் தட்டி, "தோத்தா வந்து உக்கார்றேன் மச்சான், இது சத்தியம்" என்று சொல்லிவிட்டார். ஃபேன் அவருக்காக ஜெயங்கொண்டத்தில் காத்திருந்தது.

அரியலூரில் வக்கீல் வெற்றிச்செல்வி வணிக வழக்குகள் பார்ப்பவர். அவரிடம் மச்சானே காரில் கூட்டிப்போனார், மச்சானே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், மச்சானே வழக்கையும் சொன்னார்.

"மெஷின் ஆரம்பத்துல எப்படிங்க ஓடுச்சு?" என்று வக்கீல் கேட்டார்.

சிங்காரவேலு வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "மொத நாள் நானே கண்ணால பாத்தேம்மா. முத்து முத்தா விழுந்துச்சு."

வக்கீல் சிங்காரவேலுவைப் பார்த்தார். "ஆமாங்களா ஐயா?"

"ஆமாங்க. ஒரு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு."

அந்த ஒரு மாதம் அவராகச் சேர்த்துக் கொடுத்தது. மனுவில் அப்படியே ஏறியது. கடைசிப் பக்கத்தில் 'இதில் கண்டவை யாவும் உண்மை, எதையும் மறைக்கவில்லை' என்ற இடத்தில், மச்சான் கொடுத்த பேனாவாலேயே கையெழுத்தும் போட்டார்.

கம்பெனியின் பதில் வந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. அவர்களுடைய திருச்சி வக்கீல் பூவரசன் சுருக்கமாக எழுதியிருந்தார். வாதியே ஒப்புக்கொள்கிறபடி மெஷின் ஒரு மாதம் குறையில்லாமல் ஓடியிருக்கிறது. ஆகவே மெஷினில் குறை இல்லை. பிறகு கெட்டது என்றால், கொட்டையைச் சரியாக வேகவைத்துக் காயவைக்கத் தெரியாத வாதியின் கைவரிசைதான். அதோடு விட்டாரா? திறப்பு விழா வீடியோவையும் பிளெக்ஸ் படங்களையும் வாதி தாக்கல் செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

"அத எதுக்குங்க நாம குடுக்கணும்?" என்று சிங்காரவேலு பதறினார்.

"விசாரணைக்கு முந்தி ரெண்டு தரப்பும் கைல இருக்கற எல்லாத்தையும் காட்டணும் ஐயா. நமக்கு ஆதரவா இருக்கறதும் காட்டணும், எதிரா இருக்கறதும் காட்டணும்."

"எதிரா இருக்கறத நாமளே குடுக்கறதா? எந்த ஊரு நியாயங்க இது?"

"வணிக வழக்குல அதுதாங்க சட்டம். அதுல என்னங்க இருக்கு? மெஷின் நல்லா ஓடுறதுதான இருக்கும்?" என்றார் வெற்றிச்செல்வி. பக்கத்து நாற்காலியில் மச்சான், "அருமையான வீடியோம்மா, நான் எங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிருக்கேன்" என்றார். சிங்காரவேலு தண்ணீர் குடித்தார்.

அடுத்த வாரம் செட்டிகுளம் மலைக்கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு மச்சான் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். முட்டி வலிக்கிறது என்று சொல்லிச் சிங்காரவேலு நின்றுகொண்டார். கார் மறைந்ததும் அரியலூர் பஸ் ஏறினார். வக்கீல் ஆபீசில் முதல் முறையாகப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, ரவையில் ஆரம்பித்துக் காத்தாயியின் தட்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

வெற்றிச்செல்வி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மொத நாளே சொல்லிருந்தா இது ஜெயிக்கற கேஸ்ங்க. இப்ப மனுவையே திருத்தணும். ஒப்புக்கிட்டத மாத்திச் சொல்றோம், கோர்ட்டு லேசுல ஒத்துக்காது. ஏன் இவ்வளவு லேட்டுன்னு காரணம் எழுதியே ஆகணும்."

"மறந்துட்டேன்னு போட்டுருங்க."

"பொய்யி எழுத மாட்டேன். ஒரு தடவை கையெழுத்து போட்டது போதாதாங்க?"

"அப்ப உண்மையாவும் இருக்கணும், யாருக்கும் புரியாமலும் இருக்கணும். அப்படி எதாவது எழுதுங்கம்மா."

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார்: 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழல் காரணமாக மேற்படி விவரத்தை முன்னரே தெரிவிக்க இயலவில்லை.' சிங்காரவேலு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை. மச்சானும் இல்லை. இவ்வளவு அழகான வாக்கியத்தை அவர் வாழ்நாளில் படித்ததில்லை.

திருத்த மனு விசாரணைக்கு வந்த நாளில் மச்சான் வழக்கம்போலக் காரோடு வந்துவிட்டார். "இன்னைக்கு எதோ சின்ன மனுதான் மச்சான், நீங்க ஏன் அலையறீங்க" என்று சிங்காரவேலு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். "தனியா விடுவனா மாப்ள?" என்றார் அவர்.

கோர்ட்டில் பூவரசன் எழுந்து ஒரு பிடி பிடித்தார். எங்கள் பதிலைப் பார்த்துவிட்டுக் கதையை மாற்றுகிறார்கள், ஒரு மாதம் நன்றாக ஓடிய மெஷின் இப்போது முதல் நாளே ஓடவில்லையாம், நாளைக்கு மெஷினே வாங்கவில்லை என்பார்கள் என்றார். அங்கமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. 'முதல் நாளே ஓடவில்லை' என்ற வார்த்தையைக் கேட்டதும் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

நீதிபதி மனுவைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "தவிர்க்க முடியாத குடும்பச் சூழல்னு எழுதியிருக்கு. என்ன சூழல்?"

அந்தச் சூழல் மூன்றாவது பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெற்றிச்செல்வி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீதிபதி கையமர்த்தினார். "வாதி வந்திருக்காரா? அவரே சொல்லட்டும்."

சிங்காரவேலு எழுந்து நின்றார். ஒரு பக்கம் வழக்கு, தொழில், கொட்டகை. இன்னொரு பக்கம் 'சாதிச்சுட்டீங்க மாப்ள'. இப்போது வாயை மூடிக்கொண்டால் அந்தப் பாராட்டு மிஞ்சும், ஆனால் அதைத் தினமும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"ஐயா, மெஷின் விழாவுக்கு முந்தின நாளே ஓடலீங்க. அதுக்குள்ள பிளெக்ஸ் கட்டியாச்சு. எங்க மச்சான் படம் பெருசா இருக்குங்க. நிறுத்த முடியல. கையால உடைச்ச பருப்பத்தான் தட்டுல வெச்சுக் குடுத்தோம். வக்கீலம்மாகிட்ட சொல்லலாம்னா மச்சான் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எப்பவும் அவரு கார்லதாங்க வரேன்."

கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது. பூவரசன் மட்டும் சிரிக்கவில்லை. "பிளெக்ஸ்ல ஒரு பருப்பும் உடையாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. அது பொய்யா?" என்று பாய்ந்தார்.

சிங்காரவேலு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "விழா முடிஞ்சப்புறம் யாராவது பிளெக்ஸ் அடிப்பாங்களா சார்? அது மெஷின் வண்டியில ஏறறதுக்கு முந்தியே அடிச்சதுங்க."

நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நிமிர்ந்தபோது முகம் சரியாகிவிட்டது. விசாரணை இன்னும் தொடங்காததால் திருத்தத்தை அனுமதிப்பதாகவும், தாமதத்துக்காக எதிர்த்தரப்பின் செலவை வாதி கொடுக்க வேண்டும் என்றும், முதல் நாள் நடந்ததை வாதி சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னார். "இனிமே வக்கீலைப் பார்க்க பஸ்ல வாங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

இருவரும் காரில் திரும்பினார்கள். அரியலூரைத் தாண்டியதும் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்றன. அங்கமுத்து கெட்டியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இப்போது ஆரம்பிப்பார், ஃபேனில் ஆரம்பிப்பார் என்று சிங்காரவேலு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கார் ஓரமாக நின்றது.

"மாப்ள, நம்ம சிந்துவோட மாமனார் இருக்காருல்ல, செந்துறைப் பக்கம்."

சிந்து அங்கமுத்துவின் மகள். அவளுடைய மாமனார் அழகேசனும் முந்திரி வியாபாரிதான்.

"ஆமா மச்சான், அவருக்கென்ன?"

"அன்னைக்கு வீடியோவ அவருக்கு அனுப்புனேன். எங்க மாப்ள பண்ணிருக்கறதப் பாருங்க சம்பந்தி, நீங்களும் இதே மெஷின வாங்குங்கன்னேன். வாங்குனாரு."

சிங்காரவேலு கண்ணைத் திறந்தார்.

"ரவை ரவையா விழுதுங்கறாரு. மொத நாள்லேர்ந்தே. வாரா வாரம் ஃபோன் பண்றாரு. ஒங்களுக்கு ஓட்டத் தெரியல சம்பந்தி, எங்க மாப்ள வூட்டுல ஒரு மாசம் முத்து முத்தா விழுந்துச்சுன்னு திட்டிருக்கேன். போன பொங்கலுக்கு எம் பொண்ணு பொறந்த வூட்டுக்கே வரல. நான் ஒங்க யாருகிட்டயும் சொல்லல."

லாரி ஒன்று நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். இத்தனை வருஷம் மச்சானிடம் வாங்கிய இரக்கத்தை எல்லாம் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் சிங்காரவேலுவுக்கு வாய்க்காது. அவருக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் மச்சானுடைய முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தான் நீட்டிய தட்டு எங்கேயெல்லாம் போயிருக்கிறது என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"தப்பு எம்மேலதான் மச்சான். சிந்துகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல வண்டியத் திருப்புறேன். ரெண்டு மெஷினும் மொத நாளே பருப்ப ஒடைக்குதுன்னா அது மெஷின் கோளாறுதான? வக்கீலம்மாகிட்ட சொல்லணும். கடை எங்கயும் ஓடிராது, நீங்க ஒண்ணும் வந்து உக்கார வேணாம்."

வெற்றிச்செல்வி ஆபீஸைப் பூட்டக் கிளம்பியவர், இருவரையும் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். இரண்டாவது மெஷின் என்றதும் நிமிர்ந்துவிட்டார். "இது மட்டும் உண்மையா இருந்தா அவங்களே பேச வந்துருவாங்க. ஆனா உங்க பேரும் உங்க சம்பந்தி பேரும் சாட்சிப் பட்டியல்ல இல்ல. இப்ப சேர்க்கறதுக்கும் மனு போடணும், காரணம் எழுதணும். உங்க சம்பந்தி வூட்டுல நடந்தத ஏங்க இவ்வளவு நாள் சொல்லல?"

அங்கமுத்து தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். ஓரக்கண்ணால் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

சிங்காரவேலு எழுந்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

டீக்கடையில் நிற்கும்போது ஜெயசுதா போன் பண்ணினாள். "என்னங்க ஆச்சு? அண்ணன் என்ன சொல்லுது?"

"சொல்லிக்கிட்டிருக்காரு. மெதுவாச் சொல்லட்டும்" என்றார் சிங்காரவேலு. இன்னொரு டீக்குச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.